கில்லட்டின்: ஒரு பெயரும் பல வேலைகளும்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் காரியதரிசி போன் செய்து, "மாமா, அடுத்த கூட்டத்துக்கு உங்க டர்ன்" என்றார். எனக்கு மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் நோட் எழுதித்தான் பழக்கம். அதைச் சொன்னேன். "நீங்க சயன்ஸ் கிராஜுவேட்தானே, ஏதாவது சயன்ஸ் சொல்லுங்கோ, நாப்பது நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்" என்றார். அந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு இந்தத் தலைப்பை ஞாபகப்படுத்தியது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் 1970ல் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் தேறியவன். பௌதிகம் படித்தவர்களுக்குத் தினமும் பல பெரிய மனிதர்களின் பெயரை உச்சரிக்கும் பாக்கியம் உண்டு. வோல்டா என்ற இத்தாலியர் வோல்ட் ஆனார். ஜேம்ஸ் வாட் நம் வீட்டு பல்பில் இருக்கிறார். ஆம்பியர், ஓம் இரண்டு பேரும் எலெக்ட்ரீஷியன் வாயில் தினமும் அடிபடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் மனிதரின் பெயரைப் பெரிய எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். அதே பெயர் அளவையின் பெயராகி முழுதாக எழுதப்படும்போது சின்ன எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் புரொபசர் சொல்வார், பெரிய எழுத்து போனால்தான் மனிதர் நிலைத்துவிட்டார் என்று அர்த்தம் என்று.

ஆனால் எல்லோருக்கும் இப்படிக் கௌரவமாக நிலைக்கக் கொடுத்து வைக்கவில்லை. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் ஒரு இன்ஜினைக் கண்டுபிடித்தார். 1913ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியில் காணாமல் போய், பிறகு கடலில் பிணமாகக் கிடைத்தார். அவர் பெயர் இன்று பெட்ரோல் பங்கில் எண்ணெய்க்கு இருக்கிறது. அவர் கண்டுபிடித்தது இன்ஜின், எண்ணெய் இல்லை. ஷ்ராப்னெல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி ஒரு குண்டைக் கண்டுபிடித்தார். இன்று எந்த வெடி வெடித்தாலும் சிதறுகிற துண்டுக்கு அவர் பெயர். இங்கிலாந்தில் பையில் கிடக்கும் சில்லறைக் காசைக்கூடக் கொச்சையாக அப்படிச் சொல்கிறார்கள்.

இவர்கள் பொருளைக் கண்டுபிடித்தவர்கள், பெயர் பொருத்தமோ இல்லையோ ஏதோ சம்பந்தம் இருக்கிறது. நான் இன்று சொல்லப்போகிறவர் கண்டுபிடிக்கவே இல்லை, ஒரு பிரேரணை மட்டும் கொடுத்தார். நம் பாஷையில் சொன்னால், ஃபைலில் நோட் போட்டார். அவ்வளவுதான். டாக்டர் ஜோசப் இக்னாஸ் கில்லட்டின். பிரெஞ்சுக்காரர்கள் 'கியோத்தான்' என்கிற மாதிரி உச்சரிப்பார்கள். நாம் ஆங்கில வழக்கப்படியே வைத்துக்கொள்வோம்.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது சரித்திரப் புத்தகத்தில் இல்லை, ஆபீசில். 1980களின் ஆரம்பம். ஒரு மந்திராலயத்தின் பட்ஜெட் செக்‌ஷனில் அசிஸ்டெண்டாக இருந்தேன். ஒவ்வொரு மந்திராலயமும் தன் செலவுக்கான தொகையை மானியக் கோரிக்கையாக லோக்சபாவில் வைத்து ஓட்டு வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விவாதம் வந்தால் மந்திரி பதில் சொல்ல வேண்டும். எந்த அங்கத்தினர் எதைக் கேட்பார் என்று தெரியாது. ஆகையால் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் கோரிக்கை விவாதப் பட்டியலில் இருந்தது. மூன்று வாரம் ராத்திரி பத்து, பதினொரு மணி வரை உட்கார்ந்து, தலையணை மாதிரி ஒரு பிரீஃப் தயார் பண்ணினோம். கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் டைப்ரைட்டர், ஸ்டென்சில்.

அந்த மூன்று வாரத்தில்தான் திருச்சியில் என் மூத்த பெண் பிறந்தாள். தந்தி வந்தது. லீவு கேட்டேன். செக்‌ஷன் ஆபீசர் கோபிக்கவில்லை. "டிஸ்கஷன் முடிஞ்ச அன்னிக்கே ரயில் ஏறு" என்றார். புண்ணியாகவாசனத்துக்கு நான் இல்லை.

குறிப்பிட்ட நாள் வந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த மந்திராலயத்தின் விவாதம் நீண்டுகொண்டே போனது. சாயந்திரம் செக்‌ஷன் ஆபீசர் பார்லிமெண்டிலிருந்து திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வி ஆர் கில்லட்டின்ட்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மந்திரியைத்தான் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அவர் விளக்கினார். நேரம் முடிந்தால் மிச்சமிருக்கும் எல்லாக் கோரிக்கைகளையும் சபாநாயகர் விவாதமில்லாமல் ஓட்டுக்கு விட்டுவிடுவார், அதற்குத்தான் கில்லட்டின் என்று பெயர், பாஸாகிவிட்டது, பிரீஃபை அலமாரியில் வை என்றார். எல்லோரும் டீ வாங்கிக் குடித்தோம். எனக்கு மட்டும் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. பெண்ணை நான் முதலில் பார்த்தது அவள் பிறந்து இருபத்து மூன்றாம் நாள்.

அன்றிலிருந்து இந்தச் சொல் மேல் எனக்கு ஒரு தனிக் கண். யார் இந்தக் கில்லட்டின் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் கில்லட்டின் 1738ல் பிரான்சில் செயின்ட் என்ற ஊரில் பிறந்தார். பாரிஸில் பேர்பெற்ற வைத்தியர். 1784ல் மெஸ்மர் என்பவர் 'ஜீவ காந்தம்' என்று சொல்லி வியாதிகளைக் குணப்படுத்துவதாகப் பாரிஸையே மயக்கிக்கொண்டிருந்தார். மெஸ்மெரிஸம் என்ற சொல் அவர் பெயரில்தான். இதை விசாரிக்கப் பதினாறாம் லூயி மன்னர் ஒரு கமிஷன் போட்டார். சயன்ஸ் படித்தவர்கள் அந்தக் கமிஷனின் அங்கத்தினர்களைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், நவீன ரசாயனத்தின் தந்தை லவாய்சியர், வானசாஸ்திரி பெய்லி, கூடவே நம் டாக்டர். நோயாளியிடம் சொல்லாமல் காந்தம் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, செலுத்தாமலேயே செலுத்துகிறோம் என்று சொன்னால் நோயாளி துடிக்கிறார் என்று பரிசோதித்து, எல்லாம் மனப்பிரமை என்று அறிக்கை கொடுத்தார்கள். இன்று மருந்துகளைச் சோதிக்கக் கையாளும் முறைக்கு அதை ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

1789ல் பிரெஞ்சுப் புரட்சி. டாக்டர் பாரிஸின் பிரதிநிதியாகச் சபைக்குப் போனார். ஜூன் 20ம் தேதி சபை மண்டபம் பூட்டிக் கிடந்தபோது, பக்கத்தில் இருந்த டென்னிஸ் கோர்ட்டில் கூடலாம் என்று யோசனை சொன்னது அவர்தான். அரசியல் சாசனம் எழுதாமல் கலையமாட்டோம் என்று அங்கேதான் சபதம் எடுத்தார்கள். அதற்கு அவர் பெயரை யாரும் வைக்கவில்லை!

அந்த வருஷம் அக்டோபரில் அவர் தண்டனைச் சட்டச் சீர்திருத்தமாக ஆறு ஷரத்துகளைச் சபையில் வைத்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பிரான்சில் மரண தண்டனையிலும் அந்தஸ்து பார்த்தார்கள். பிரபு வம்சத்தானுக்கு வாளால் தலையை வெட்டுவது, அது கௌரவம். சாமானியனுக்குத் தூக்கு. சில குற்றங்களுக்குச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை உடைத்துக் கொல்வது. டாக்டர் சொன்னது என்ன? ஒரே குற்றத்துக்கு, யார் செய்தாலும், ஒரே தண்டனை. குற்றம் செய்தவனோடு போகட்டும், அவன் குடும்பத்தின் மேல் களங்கம் ஒட்டக் கூடாது. அந்த உறவைச் சொல்லி யாரும் அவர்களை ஏசக் கூடாது. சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது. குடும்பம் கேட்டால் உடலைக் கொடுத்துவிட வேண்டும். தலையை வெட்டுவதானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரு எளிய யந்திரத்தால், சித்திரவதை இல்லாமல்.

ஆறில் ஒன்றுதான் யந்திரம். டிசம்பர் 1ம் தேதி சபையில் இதை விளக்கும்போது டாக்டர் உற்சாகத்தில் கொஞ்சம் அளவு மீறிப் பேசிவிட்டார். கண் இமைக்கும் நேரத்தில் தலை போய்விடும், கழுத்தில் சிறிது குளிர்ச்சிதான் தெரியும் என்கிற ரீதியில். சபையே சிரித்தது. மன்னர் பக்கத்துப் பத்திரிகை ஒன்று கேலிப் பாட்டு எழுதிப் போட்டது. அதில்தான் அவர் பெயரின் கடைசியில் 'ஈ' என்ற எழுத்தைச் சேர்த்து, பெண்பாலாக்கி, 'கில்லட்டின்' என்று யந்திரத்துக்குப் பெயர் வைத்தார்கள். கவனியுங்கள். யந்திரம் அப்போது பிறக்கவே இல்லை. பெயர் பிறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் யந்திரம் வந்தது.

அது வந்த விதம் நம் சர்க்கார் ஃபைல் போலவே இருக்கும். 1791ல் சட்டம் வந்தது, மரண தண்டனை என்றால் தலையை வெட்டுவதுதான் என்று. எப்படி வெட்டுவது என்று சட்டத்தில் இல்லை. வாளால் வரிசையாக வெட்டினால் கை ஓய்ந்துவிடும், வாள் மழுங்கிவிடும் என்று பாரிஸின் கொலைத் தண்டனை நிறைவேற்றுபவரே ஆட்சேபணை எழுப்பினார். ஃபைல் நிபுணர் கருத்துக்குப் போனது. டாக்டர் கில்லட்டினிடம் இல்லை, அறுவை வைத்திய அகாதெமியின் காரியதரிசி டாக்டர் அந்துவான் லூயியிடம். அவர் 1792 மார்ச்சில் தன் கருத்தை எழுதிக் கொடுத்தார். அடுத்து கொட்டேஷன். சர்க்கார் தச்சர் ஐயாயிரம் லிவ்ருக்கு மேல் கேட்டார். டோபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர் ஆயிரத்துக்கும் குறைவாகச் செய்து தருகிறேன் என்றார். அவருடைய அசல் தொழில் ஹார்ப்சிகார்ட் செய்வது. பியானோவுக்கு முன்னால் இருந்த சங்கீத வாத்தியம்! குறைந்த கொட்டேஷன் ஜெயித்தது. ஆஸ்பத்திரியில் பிணங்களை வைத்துப் பரீட்சை பார்த்து, 1792 ஏப்ரல் 25ம் தேதி ஒரு வழிப்பறிக்காரனிடம் முதலில் உபயோகித்தார்கள்.

இந்த மாதிரி யந்திரம் உலகத்துக்குப் புதிதும் இல்லை. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் 1650 வரை ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் உபயோகித்த ஒன்றை இன்றும் எடின்பரோ மியூசியத்தில் பார்க்கலாம்.

ஆக யோசனை பழையது, வடிவமைத்தவர் லூயி, செய்தவர் ஷ்மிட். முதலில் கொஞ்ச நாள் 'லூயிசெட்' என்று கூப்பிட்டும் பார்த்தார்கள். ஒட்டவில்லை. சர்க்கார் காகிதங்களில் 'நீதியின் மரச்சட்டங்கள்' என்று கௌரவமாக ஒரு பெயர் இருந்தது. அதுவும் ஜனங்கள் வாயில் ஏறவில்லை. கேலிப் பாட்டில் வந்த பெயர்தான் நின்றது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி. அதே வருஷம் நவம்பரில் பெய்லி. 1794 மே மாதம் லவாய்சியர். பத்து வருஷம் முன்னால் ஒரே கமிஷன், போட்டவர் மன்னர், உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர், மூன்று தலையும் நாலாவது மனிதரின் பெயர் சொன்ன யந்திரத்தில் போயின. அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பயங்கர ஆட்சியில் சட்டப்படி விதித்த மரண தண்டனைகள் மட்டும் சுமார் 17,000 என்கிறார்கள். டாக்டரையும் சிறையில் போட்டார்கள். ரோபஸ்பியர் தலை போன பிறகு விடுதலையானார். அவரும் தன் யந்திரத்திலேயே செத்தார் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தப்பு. பிற்காலத்தில் அம்மைப்பால் குத்துவதைப் பரப்புவதில் மும்முரமாக இருந்துவிட்டு, 1814ல் வியாதி கண்டு இயற்கையாகத்தான் காலமானார். எத்தனையோ குழந்தைகளைப் பெரியம்மையிலிருந்து காப்பாற்றிய காரியம் அது. அதற்கும் அவர் பெயரை யாரும் வைக்கவில்லை.

யந்திரம் அவருக்கப்புறம் 160 வருஷத்துக்கு மேல் வேலை செய்தது. பிரான்சில் கடைசியாக அது விழுந்தது 1977 செப்டம்பரில், மார்செய் நகரில். அப்போது நான் டெல்லிக்கு வந்து ஐந்து வருஷமாகிவிட்டது! 1981ல் மரண தண்டனையையே எடுத்துவிட்டார்கள்.

யந்திரம் ஓய்ந்துவிட்டது, சொல் ஓயவில்லை. ஆங்கிலத்தில் அது செய்கிற வேலைகளைப் பாருங்கள். பைண்டிங் செய்கிற இடத்தில் கத்தைக் காகிதத்தை ஒரே வெட்டில் சீராக்குகிறதே, நாம் கட்டிங் மிஷின் என்கிறோம், அதற்கு ஆங்கிலத்தில் கில்லட்டின். எங்கள் ஆபீஸ் ஸ்டேஷனரி பட்டியலில் பஞ்சிங் மிஷினுக்கும் கோந்துக்கும் நடுவில் அது சாதுவாக உட்கார்ந்திருக்கும். இரும்புத் தகடு வெட்டும் பெரிய யந்திரமும் அதே பெயர்தான். சுருட்டு நுனியை வெட்டும் சின்னக் கருவியும் அதுதான். வைத்தியத்தில், அந்த நாளில் தொண்டைச் சதையை எடுக்க டான்ஸில் கில்லட்டின் என்று ஒன்று இருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் என் வயதுக்காரர்கள் சிலர் அதற்கு வாயைத் திறந்திருக்கக்கூடும். அவசரத்தில் கையையோ காலையோ ஒரே மட்டமாக வெட்டித் தைக்காமல் விடுவதற்கும் கில்லட்டின் ஆம்புடேஷன் என்று பெயர். என் பேரன் டிவியில் குஸ்தி பார்க்கிறவன், எதிராளியின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்குவதற்குக் கில்லட்டின் சோக் என்று பெயர் என்கிறான். பிரெஞ்சிலோ மேலும் கீழும் நகரும் ஜன்னலுக்கே அந்தப் பெயர். நம் ரயில் பெட்டி ஷட்டரில் விரலைக் கொடுத்தவர்களுக்கு அதன் பொருத்தம் புரியும்.

ஸ்விட்சர்லாந்து 1999ல் ஐரோப்பிய யூனியனோடு ஏழு ஒப்பந்தங்கள் போட்டது. ஒன்றை முறித்தால் ஏழும் போய்விடும் என்று அதில் ஒரு ஷரத்து. அதற்கும் கில்லட்டின் ஷரத்து என்றே பெயர்.

இதில் எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பார்லிமெண்ட் கில்லட்டின்தான். இது இங்கிலாந்தில் 1887ல் ஆரம்பித்தது. அயர்லாந்து சம்பந்தமான ஒரு குற்றவியல் மசோதாவை ஐரிஷ் அங்கத்தினர்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். இந்தத் தேதி, இந்த மணி, அத்தோடு பேச்சு நிற்கும், மிச்சமெல்லாம் ஓட்டுக்கு என்று தீர்மானம் போட்டார்கள். நம் லோக்சபாவில் விதி 208. அந்த விதியை நீங்கள் வரி வரியாகப் படித்தாலும் கில்லட்டின் என்ற சொல் கிடைக்காது. பிரெஞ்சு சர்க்கார் காகிதங்கள் மாதிரியே! ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த மணிக்கு, சபாநாயகர் பாக்கிக் கோரிக்கைகள் அனைத்தையும் ஓட்டுக்கு விட வேண்டும் என்று மட்டும்தான் இருக்கும்.

இது இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நூறு அளவுக்குக் கோரிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் பேசினால் அடுத்த பட்ஜெட் வந்துவிடும். 1993லிருந்து நிலைக்குழுக்கள் இருக்கின்றன, கோரிக்கைகளை அவை பரிசீலிக்கின்றன. இருந்தாலும் 2018 மார்ச்சில் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அத்தனையும் கில்லட்டின் ஆனது. 2023 மார்ச்சிலும் அப்படியே. இதில் எந்தக் கட்சியையும் நான் சொல்லவில்லை. 2004லும் 2013லும் இதே கதைதான். ஏதோ ஒரு மந்திராலயத்தில் ஏதோ ஒரு அசிஸ்டெண்ட் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பிரீஃபுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்திருப்பான், அதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இதை நான் வெளியில் சொன்னதில்லை. என் சம்சாரத்துக்கே பாதிதான் தெரியும்.

1990களின் நடுவில் நான் வேறு ஒரு ஆபீசில் நிர்வாகப் பிரிவில் அண்டர் செக்ரெட்டரி. ஆபீஸ் ஒன்பதரைக்கு. வருகைப் பதிவேடு செக்‌ஷன் ஆபீசர் மேஜையில் இருக்கும். வேண்டப்பட்டவர் பதினோரு மணிக்கு வந்து ஒன்பதரை என்று கையெழுத்துப் போடுவார். வேண்டாதவர் ஒன்பது நாற்பத்தைந்துக்கு வந்தால் அரை நாள் காஷுவல் லீவு போகும். அட்டெண்டர்கள், கிளார்க்குகள்தான் எப்போதும் மாட்டுவார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஆறு பக்கத்துக்கு நோட் போட்டேன். நாலு யோசனை. ஒன்று, டெபுடி செக்ரெட்டரி வரை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, மாதத்தில் இரண்டு தடவை ஒரு மணி நேரம் வரை தாமதத்தை மன்னிக்கலாம் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது, அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். மூன்று, இதை யாருடைய ரகசியக் குறிப்பிலும் ஏற்றக் கூடாது. நாலு, ஒன்பது நாற்பதுக்கு எல்லாச் செக்‌ஷனிலும் ஒரே ஆள் போய்ப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும், அதற்கப்புறம் வந்தவர் யாராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

ஃபைல் மேலே போய் வந்தது. முதல் மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. நாலாவதற்கு மட்டும் 'ஒப்புதல்'. ஆர்டர் வேறொருவர் கையெழுத்தில் போனது. கோடு போட்டவர் கேர்டேக்கர், அடி ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் வைத்துக்கொண்டு. ஆனால் நோட் போட்டது நான் என்று ஒரு வாரத்தில் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பெயர் வைத்தியநாதன். வடக்கே யாருக்கும் அது வாயில் நுழையாது, வைத்யா என்பார்கள். அந்தக் கோட்டுக்கு 'வைத்யா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஆஜ் முஜே வைத்யா லக் கயா" என்று காரிடாரில் பேச்சுக் கேட்கும். இன்றைக்கு எனக்கு வைத்யா பட்டுவிட்டது, அதாவது அரை நாள் லீவு போச்சு. முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் ஒரு பெண்மணி அட்டெண்டராக வந்து சேர்ந்தாள். புருஷன் எங்கள் ஆபீசிலேயே வேறு கிளையில் வேலையில் இருக்கும்போதே இறந்து, கருணை அடிப்படையில் கொடுத்த வேலை. பல்வல் பக்கத்து கிராமம். இரண்டு சின்னக் குழந்தைகள், வயதான மாமியார். தினம் ஷட்டில் ரயிலில் வர வேண்டும். அந்த ரயில் சரியான நேரத்துக்கு வந்தால் ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்கலாம். வராத நாளே அதிகம். அப்போது வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் காஷுவல் லீவு. ஆகஸ்டுக்குள் அத்தனையும் அரை அரை நாளாகப் போய்விட்டது.

ஒரு நாள் என் அறைக்கு டீ கொண்டு வந்தவள் தயங்கி நின்றாள். பையனுக்கு மஞ்சள் காமாலை, லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், ஏதாவது செய்ய முடியுமா சாப் என்றாள். அவளுக்கு நான் அண்டர் செக்ரெட்டரி சாப், அவ்வளவுதான். பேச்சோடு பேச்சாக, "எல்லாம் வைத்யாவில் போய்விட்டது சாப்" என்றாள். பிறகு கேட்டாள், "ஏ வைத்யா கௌன் தே, சாப்?" யார் இந்த வைத்யா என்பவர், இருந்தவர் யார், என்று. செத்துப்போனவரைக் கேட்கிற மாதிரி.

"கோயி புரானா அஃப்சர் தா" என்றேன். யாரோ பழைய ஆபீசர்.

அன்றைக்கே அவளுக்கு இருந்த சம்பாதித்த லீவில் சேர்த்து அனுப்பிவைத்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அதோடு விடாமல் ஒரு நோட்டும் போட்டேன், ரயிலில் வருகிறவர்களுக்கு ரயில் தாமதச் சான்றிதழ் இருந்தால் மன்னிக்கலாம் என்று. பத்து நாளில் திரும்பி வந்தது. மேலே இருந்தவர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. என்னுடைய பழைய நோட்டில் ஒரு பாராவைக் கொடி வைத்துக் காட்டி, 'இதைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தார். 'வந்தவர் யாராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.' என் வாக்கியம், என் கையெழுத்து. இன்னொரு தடவை எழுதிப் பார்த்திருக்கலாம். மாற்றல் வரப் போகிறது என்று தெரிந்திருந்தது. எழுதவில்லை.

மாதம் இரண்டு தடவை மன்னிப்பு என்ற விதி மட்டும் இருந்ததே, அதை ஒரு காகிதத்தில் ஹிந்தியில் டைப் அடித்து, என் கையெழுத்தோடு நானே நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலிலேயே ஒட்டியிருக்கலாம்.

மாற்றலாகிப் போன அன்று செக்‌ஷனில் பிரிவு உபசாரம். சமோசா, பர்ஃபி. ஒருவர் பேசும்போது சிரித்துக்கொண்டே, "நம் வைத்யா லைனைப் போட்ட வைத்தியநாதன் சாப்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்மணி பின்னால் டீ டிரேயோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். பிறகு வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்து எனக்கும் டீ கொடுத்தாள். சர்க்கரை எனக்குக் கம்மி என்று அவளுக்குத் தெரியும், தனியாகத்தான் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

2014லிருந்து டெல்லி ஆபீஸ்களில் விரல் ரேகை வைக்கிற மிஷின் வந்துவிட்டது. சிவப்புப் பென்சிலெல்லாம் இல்லை. நான் ரிட்டையர் ஆனது 2010ல், அதனால் எனக்கு அதில் அனுபவம் இல்லை. ஆனால் அதே கட்டிடத்தில் வேலை பார்த்த நம் சங்கத்து இளைஞர் ஒருவர் சில வருஷம் முன்னால் என்னிடம், "மாமா, எங்க ஆபீஸ்ல லேட்டானா வைத்யாங்கறா, அது என்ன ஹிந்தி வார்த்தை?" என்று கேட்டார். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. மாமிகள் காப்பி கலந்து வைத்தாகிவிட்டது என்று சைகை செய்கிறார்கள். கேள்விகள் இருந்தால் காப்பி குடித்துக்கொண்டே பேசலாம்.